வெயிலில் கலந்த நிறம்

எங்கள் பட்டறையில் பெயிண்ட் அடித்த இடத்தை இதுவரை யாரும் விரல் வைத்துக் காட்டியதில்லை. வண்டி எங்கே நசுங்கியது, எங்கே கீறல் விழுந்தது என்று சொந்தக்காரரே தேடித் தோற்றுப்போவார். டிங்கர் தட்டி நிமிர்த்துவான், என் தம்பி நிறம் கலந்து அடிப்பான், நான் முன்னால் நின்று பேசுவேன். இடித்துக்கொண்டு வந்தவர்கள் இடிக்காதவர்களைப் போலத் திரும்பிப் போவார்கள். மனைவிக்குத் தெரியாமல் வந்தவர்கள் உண்டு, முதலாளிக்குத் தெரியாமல் வந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றியும் நான் வெளியே வாய் திறந்ததில்லை. பட்டறையின் மரியாதை அதில்தான் நிற்கிறது. வாசல் பலகையில் இருப்பது எங்கள் குடும்பப் பெயர்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் தம்பி மகளுக்கு வெண்புள்ளி வந்தது.

முதலில் முழங்கையில் ஒரு பொட்டு. பிறகு மணிக்கட்டில், விரல்களில், கழுத்தின் ஒரு பக்கத்தில், கடைசியாக இடது கண்ணைச் சுற்றி. தொற்றாது, உடம்புக்குக் கெடுதல் இல்லை, மருந்துக்குக் கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும் என்றார் டாக்டர். தொற்றாது என்பதை நாங்கள் நம்பினோம். ஊர் நம்ப வேண்டுமே. முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தோம். கொஞ்ச காலம் போட்டாள். கைப்பந்துக் குழுவில் சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் அலமாரியில் மடித்து வைத்துவிட்டு, கையில்லாத பனியனும் அரைக்கால் சட்டையுமாக வெயிலில் போய் நின்றாள். கூட ஆடும் பெண்கள் அவளை 'மேப்பு' என்று கூப்பிட்டார்கள்.

"அது என்ன பேரு, மேப்பு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உலக மேப் பெரியப்பா." கையை என் முன்னால் நீட்டினாள். "இது கண்டம். இது தீவு. போன மாசம் இங்க வெறும் கடல்தான் இருந்துச்சு, இப்பப் பாருங்க, புதுசா ஒரு நாடு கிளம்பியிருக்கு."

காருக்கு அடியில் படுத்திருந்த டிங்கர், "விசா வாங்காமப் போகலாமா பாப்பா?" என்று குரல் கொடுத்தான். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஊர் வைக்கும் பெயரை நாமே எடுத்து மாட்டிக்கொண்டு திரிவது தைரியம் என்று இந்தக் காலத்தில் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. அவள் ஆட்டத்தைப் பார்க்க நான் ஒருமுறைகூடப் போனதும் இல்லை.

அந்த வருஷம் அவளுடைய குழு இறுதி ஆட்டம்வரை போனது. ஆட்டத்துக்கு முந்தின வாரம் கைப்பந்துச் சங்கத்தின் செயலாளர் தன் காரை எடுத்துப்போக வந்தார். சொந்த வீட்டு கேட்டிலேயே கதவை உரசி வைத்திருந்தவர். கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, கதவைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எங்க பட்டுச்சுன்னு எனக்கே தெரியலையே! என்ன மந்திரம் போடறீங்க?"

"மந்திரம் இல்ல சார், கை."

அவர் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. தடவிக்கொண்டே பேசினார்.

"செமிஃபைனல்ல நடந்தது வீட்டுல சொன்னாளா? தோத்த டீம் கை குடுக்காமப் போயிட்டாங்க. எல்லாம் உங்க பொண்ணாலதான். ராத்திரியெல்லாம் போன் மேல போன். பந்து வழியா ஒட்டிக்குமா, துண்டு வழியா ஒட்டிக்குமான்னு. ஒருத்தர் அந்த வார்த்தையையே சொல்லிட்டார்."

"எந்த வார்த்தை?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அந்த நேரம் பார்த்து, அதுவரை இரைந்துகொண்டிருந்த காற்று மோட்டார் நின்றது.

"குஷ்டம்."

பட்டறை முழுக்கக் கேட்டது. தட்டிக்கொண்டிருந்த டிங்கரின் சுத்தியல் நின்றது. உள்ளே தகரத்தை உரசிக்கொண்டிருந்த தம்பியின் கை நின்றது.

"அது இல்லன்னு உங்களுக்கே தெரியும்" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? ஃபைனலுக்கு ஊரே வரும். அங்க ஒரு சின்ன சலசலப்பு வந்தாலும் அவளை வெளிய கூப்பிட்டு உட்கார வெச்சிடுவேன். பாதி ஆட்டத்துல, எல்லார் முன்னாலயும். ஒருதடவை அப்படி உட்கார்ந்துட்டா அப்புறம் எந்த டீமும் அவளைத் தொடாது. நீங்க மானஸ்தர். அதான் முன்னாடியே சொல்றேன்."

ஒரு கீறலும் இல்லாத காரில் ஏறிப் போனார். அவர் போன பிறகும் யாரும் வேலையைத் தொடங்கவில்லை.

"அண்ணா" என்றான் தம்பி.

"ஊர் முன்னால நம்ம பொண்ணு எழுந்து போய் ஓரமா உட்காரக் கூடாது" என்றேன். "நீ எதுக்கு இருக்கே? எத்தனை வண்டிய மறைச்சிருக்கே?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். புரிந்துகொண்டான்.

மறுநாள் முகத்துக்குப் பூசும் க்ரீம்களில் கடையில் இருந்த அத்தனை நிறத்தையும் வாங்கி வந்தான். பட்டறைப் பெயிண்டில் ஒரு சொட்டுகூட அவள் மேல் படக் கூடாது என்பதில் கறாராக இருந்தான். ஆனால் கலந்த விதம் பட்டறை விதம்தான். எங்கள் அப்பா போட்ட சட்டம் ஒன்று உண்டு: நிறத்தை நிழலில் பார்க்கக் கூடாது. கூரைக்கு வெளியே, உச்சி வெயிலில், நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். வண்டி என்பது வெயிலில் வாழ்கிற பொருள்.

அவளை முற்றத்து வெயிலில் நிறுத்தினான். கையை நீட்டச் சொன்னான். சிறிய தகர டப்பாவில் குச்சியால் கலக்கினான், தொட்டு வைத்தான், துடைத்தான், மறுபடி கலக்கினான். மஞ்சள் கூடியது, சிவப்பு குறைந்தது. அவள் கண் கூச நின்றிருந்தாள். வேலைக்கு வந்த வண்டியின் கைப்பிடியைப் போல அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

கடைசியில் ஒரு தடவை பூசியதும் மணிக்கட்டில் இருந்த தீவு காணாமல் போயிற்று. நான் குனிந்து தேடினேன். இல்லை. தம்பி தன் வாழ்நாளில் செய்த மிகச் சரியான வேலை அது. ஆனால் டப்பாவை எட்டிப் பார்த்தபோது, எங்கள் பெண்ணில் ஒரு துண்டை வெட்டி எடுத்து அதில் போட்டு வைத்தது போலிருந்தது.

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா. எனக்கு வேணாம்."

"ஏம்மா?"

"வேர்த்தா வழியும். அப்புறம்..." என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, இது எனக்கு இடைஞ்சல் இல்ல. உண்மையச் சொன்னா உதவி. என்னோட பந்து வரும்போது எதிர்ல நிக்கறவ அரை அடி ஒதுங்குவா. அவளுக்கே தெரியாது. அந்த அரை அடி எனக்குப் போதும்."

அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணைச் சுற்றிய வெள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

"உட்கார வெச்சிடுவாங்கம்மா" என்றேன். "பாதியில எழுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க. நம்ம வீட்டுப் பொண்ணை."

"எனக்கு என்ன ஆகும்னு பயப்படறீங்களா, வாசல் பலகைக்கு என்ன ஆகும்னா?"

தம்பி மனைவி வாசற்படியிலிருந்து "ஏய்!" என்று அதட்டினாள்.

மகள் மணிக்கட்டை மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு, "நீங்க என் ஆட்டத்தைப் பார்த்ததே இல்ல. இதைப் பூசிக்கிட்டா வருவீங்களா?" என்று கேட்டாள்.

"வருவேன்."

"சரி" என்றாள். கையை அப்பாவிடம் நீட்டினாள். அவ்வளவுதான்.

ஆட்டம் ஒரு மூடிய அரங்கில், சாயங்காலம். கிளம்புவதற்கு முன் முற்றத்து வெயிலில் நிறுத்தி, தம்பி அவள் கைகளிலும் கழுத்திலும் கண்ணைச் சுற்றியும் பூசி முடித்தான். டிங்கர் வந்து பார்த்துவிட்டு, "பாப்பா எங்கப்பா? யாரோ விளம்பரத்துப் பொண்ணுல்ல நிக்குது!" என்றான். அவள் சிரிக்கவில்லை. வெளி ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அதன் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டாள்.

அரங்கத்தில் நானும் தம்பியும் தம்பி மனைவியும் கீழ் வரிசையில் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் செயலாளர். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கூரை முழுக்க வெள்ளை விளக்குகள். ஜன்னல் கிடையாது. வெயில் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே அந்த இடத்தில் இல்லை. அது எனக்கு உறைப்பதற்குள் ஆட்டக்காரிகளை ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னார்கள்.

அவள் கழற்றினாள்.

பக்கத்தில் தம்பியின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

முற்றத்தில் காணாமல் போன தீவுகள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன, வெள்ளையாக அல்ல. பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்தில். அழுகிப்போன பழத்தின் நிறம். கண்ணைச் சுற்றி யாரோ குத்திவிட்டுப் போனது போல. கழுத்தில் கை வைத்து நெரித்தது போல. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோகும் என்பது பெயிண்ட் அடிக்கிற எவனுக்கும் தெரியும். எங்கள் வண்டிகள் யாருடைய கூடத்துக்குள்ளும் போனதில்லை. அதனால் நாங்கள் அதை நினைத்ததே இல்லை.

"அண்ணா, வெயில்ல சரியா இருந்துச்சு அண்ணா" என்றான் தம்பி. "நீயும் பாத்தியே."

பின்வரிசையில் ஒரு பெண் குரல், "ஐயோ, அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு?" என்றது. இன்னொரு குரல், "கேள்விப்பட்டதைவிட முத்திப்போச்சு போல" என்றது. நான் திரும்பவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்குத் தெரியாது. அவள் தன் கையைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தாள். விசில் ஊதியது.

அப்போதுதான் முதன்முதலாக அவள் ஆடுவதைப் பார்த்தேன். வீட்டில் கதவை இடித்துக்கொண்டு நடக்கிற பெண் அங்கே ஓர் அசைவைக்கூட வீணாக்கவில்லை. பந்து எங்கே விழப் போகிறதோ அங்கே முன்பே நின்றாள். இரண்டு கைகளையும் சேர்த்துத் தாழ்த்தி வாங்கி மேலே அனுப்பினாள். அடுத்ததையும் வாங்கினாள். வியர்க்கத் தொடங்கினாள்.

வெள்ளையும் மஞ்சளுமான பந்து. அதன் வெள்ளைப் பக்கத்தில் முதலில் ஒரு கறை. பிறகு இரண்டு. ஒவ்வொரு முறை அவள் கையிலிருந்து எழும்பும்போதும் பந்து இன்னும் கொஞ்சம் அழுக்காகிப் போயிற்று. நான் அந்தக் கறையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வலைக்கு மேலே போனது, வந்தது, மறுபடி போனது. எதிர்க் குழுவில் எட்டாம் நம்பர் போட்ட உயரமான பெண் அதை வாங்கினாள். வாங்கியவள் தன் கையைப் பார்த்தாள்.

பந்து கீழே விழுந்து உருண்டது. அவள் எடுக்கவில்லை. கையை உடம்பிலிருந்து விலக்கி, யாருடைய கையோ என்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தோல்!" என்று கத்தினாள். "அவ தோல் உரிஞ்சு வருது!"

அரங்கம் எழுந்து நின்றது. எதிர்க் குழுப் பெண்கள் எல்லைக் கோட்டுக்கு ஓடினார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து எட்டாம் நம்பரின் கையில் கவிழ்த்தாள். நடுவர் உயர நாற்காலியிலிருந்து இறங்கினார். நடுவில் எங்கள் பெண் தனியாக நின்றாள். அவளுடைய குழுவே ஓர் எட்டு பின்னால் நகர்ந்திருந்தது. அவள் முதன்முறையாகத் தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். பச்சைச் சாம்பல் நிறம் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

செயலாளர் எங்கள் பெண்ணின் குழு உட்காரும் பெஞ்சை நோக்கி நடந்தார். அவசரமே இல்லாத நடை. கோச்சிடம் ஏதோ சொன்னார். மாற்று ஆட்டக்காரி எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

நான் எழுந்தேன். தம்பி என் சட்டையைப் பிடித்தான். அவன் கையை எடுத்துவிட்டுக் களத்துக்குள் இறங்கினேன்.

யாரும் தொடாமல் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்து, கறையில் கட்டை விரலை வைத்துத் தேய்த்தேன். விரலை நடுவரிடம் காட்டினேன்.

"இது தோல் இல்ல. பூச்சு. எங்க வீட்டுல கலந்தது. என் தம்பி கலந்தான், நான் சொல்லித்தான் கலந்தான்."

பட்டறையைத் தொடங்கிய நாள் முதல் எங்கள் வேலை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஊருக்கு விரல் நீட்டிக் காட்டியது அதுதான் முதல் தடவை.

"அப்போ மறைச்சிருக்கீங்க" என்றார் செயலாளர், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒண்ணும் இல்லாததை எதுக்குங்க மறைக்கணும்?"

மந்திரமா என்று கேட்டு, நாங்கள் மறைத்துக் கொடுத்த கதவைத் தடவிய அதே ஆள். வரிசை வரிசையாக முகங்கள் எங்கள்மேல் சாய்ந்திருந்தன. அந்த வார்த்தையை யாரோ சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் எல்லோர் வாயிலும் அது இருந்தது.

நடுவர் என் விரலைப் பார்த்தார். முதலுதவிக்கு வந்திருந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் எங்கள் பெண்ணின் கையை வெறுங்கையால் பிடித்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "வெண்புள்ளி. யாருக்கும் ஒட்டாது. போன ஆட்டத்துக்கும் நான்தான் வந்திருந்தேன், ஒருத்தரும் என்னைக் கேட்கலை" என்றார்.

நடுவருக்கு அதோடு முடிந்துபோனது. "மேல எதையும் பூசிக்கிட்டு ஆடக் கூடாது. அது விதி" என்றார். "துடைச்சிட்டு வந்தா ஆடலாம்."

அவர் சொன்னது எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அந்த அரங்கத்தில் விதிக்குப் புறம்பாக இருந்தது எங்கள் பூச்சு ஒன்றுதான்.

"அவ வெளிய உட்காரட்டும், ரிஸ்க் எதுக்கு?" என்றார் செயலாளர்.

கோச் ஒரு குட்டை அம்மாள். "ஆடலாம்னு நடுவர் சொல்லிட்டார் சார். நீங்க கொஞ்சம் கோட்டைத் தாண்டி நில்லுங்க, ஆட்டம் நடக்குது" என்றார். மாற்று ஆட்டக்காரி மறுபடி உட்கார்ந்தாள்.

தம்பி மனைவி, பூச்சைத் துடைக்க வைத்திருந்த எண்ணெய் பாட்டிலும் துண்டுமாக ஓடி வந்தாள். அவள் தொட வந்ததும் மகள் தடுத்தாள். துண்டைத் தானே வாங்கி, எல்லோரும் பார்க்க நடுக்களத்தில் நின்று துடைத்தாள். விரல், மணிக்கட்டு, முழங்கை, கழுத்து. கடைசியாகக் கண்ணைச் சுற்றி. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக வெள்ளை வெளியே வந்தது. துடைத்து முடித்ததும் துண்டை என் கையில் கொடுத்தாள்.

"வந்துட்டீங்கல்ல பெரியப்பா. உட்கார்ந்து பாருங்க."

பந்தை மாற்றினார்கள். சர்வீஸ் அவளுடையது.

எதிரே எட்டாம் நம்பர். தண்ணீர் சொட்டும் கையோடு குனிந்து நின்றாள். எங்கள் பெண் பந்தைத் தரையில் தட்டினாள், நிறுத்தினாள், அவளையே பார்த்தாள். பந்து வலைக்கு மேலே போனது. நான் எட்டாம் நம்பரின் காலைப் பார்த்தேன். வலது கால் பின்னால் நகர்ந்தது. அரை அடி.

பந்து அந்த அரை அடியில் விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. அடுத்ததும் அங்கேயே விழுந்தது. அதற்கடுத்ததும். எட்டாம் நம்பர் நகரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கால் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்கவில்லை. கூட்டத்தில் பேச்சு தேய்ந்துகொண்டே போய், கடைசியில் பந்து தரையைத் தொடும் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் தட்டினாள், நிறுத்தினாள், பார்த்தாள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே ஆள் இருப்பது தெரிந்து காத்திருப்பவள் போல. என் மடியில் துண்டு பச்சையாக ஈரத்தோடு கிடந்தது. தம்பி முகத்தை மூடிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் இந்தப் பெண்ணை ஊர் பார்வையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருந்தோம். அந்தப் பார்வையை அவள் எங்கோ தனியாக உட்கார்ந்து கத்தி போலத் தீட்டி வைத்திருக்கிறாள்.

ஜெயித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் வலை ஓரம் இரண்டு குழுவும் வரிசையாக வந்து கை கொடுக்க வேண்டும். இந்த முறை நடுவரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் யாராலும் நழுவ முடியவில்லை. முன்னால் வந்தவர்கள் விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் எட்டாம் நம்பர். கையை நீட்டுவதற்கு முன் இடுப்பில் துடைத்துக்கொண்டாள். வியர்வைக்காகத் துடைத்தாளா, வேறு எதற்காகவோ துடைத்தாளா, எனக்குத் தெரியாது. எங்கள் பெண் அதைப் பார்த்தாள்.

கையைப் பிடித்தாள். சிரித்தாள். ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. எட்டாம் நம்பர் தலையை ஆட்டினாள், கையை இழுத்தாள். வெள்ளை விரல்கள் விடவில்லை. பின்னால் வரிசை நின்றுபோனது. எட்டாம் நம்பரின் உதடு நடுங்குவது கீழ் வரிசைவரை தெரிந்தது.

"அண்ணா, விடச் சொல்லு" என்றான் தம்பி. "நீ சொன்னா கேப்பா."

கேட்பாள். எனக்கும் தெரியும். நான் முதுகை நிமிர்த்தி, அந்தக் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.